சக்கரத்துக்கு அடியில் ஒரு கல்

பன்னிரண்டு வயதில் எனக்கு ஒரு வேலை இருந்தது. அப்பா காரை நிறுத்தியவுடன் இறங்கி ஓடி, டிக்கியில் சாக்குச் சுற்றி வைத்திருக்கும் கருங்கல்லைத் தூக்கி வந்து சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்க வேண்டும். வண்டி எப்போதும் இறக்கத்தைப் பார்த்துத்தான் நிற்கும். அதனால் கல் முன்சக்கரத்துக்கு முன்னால் போகும். கிளம்பும்போது அப்பா சாவியைத் திருப்பி, கிளட்சை மிதித்து, ஸ்டீயரிங் தண்டோடு இருக்கும் கியரை இரண்டாவதில் போட்டுவிட்டு என்னைப் பார்ப்பார். நான் கல்லை உருவுவேன். வண்டி மெல்ல உருளும். பத்தடி, பதினைந்தடி போனதும் கிளட்சை விடுவார். ஒரே குலுக்கு, என்ஜின் பிடித்துக்கொள்ளும். அப்பா சற்றுத் தள்ளி நிறுத்தி, ஆக்சிலேட்டரை விடாமல் மிதித்தபடி காத்திருப்பார். நான் கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் ஏறிக்கொள்வேன்.

சேந்தமங்கலத்தில் எங்கள் மளிகைக் கடையின் வாசல் சமதரை. ஆகவே அந்த நாட்களில் எங்கள் கார் எங்கள் கடைக்கு முன்னால் நின்றதே இல்லை. இரண்டு தெரு தள்ளி, ஒரு சிறு பாலத்துக்கு ஏறும் சரிவில் நிற்கும். இரவு மழை வந்தால் கண்ணாடி ஏற்றியிருக்கிறதா என்று பார்க்கக் குடையோடு நான்தான் அங்கே போவேன்.

அது 1977-ஆம் வருடத்து அம்பாசடர், மார்க் 3. அப்பா அதை 1989-இல் பழைய வண்டியாக வாங்கினார். மோரிஸ் ஆக்ஸ்போர்டின் வழிவந்த உடம்பு, 1489 சிசி பெட்ரோல் என்ஜின், நான்கு சிலிண்டர். பானட்டைத் திறந்தால் உள்ளே ஒரு ஆள் இறங்கி நின்று வேலை பார்க்கலாம் என்கிற அளவுக்கு இடம். எந்த உறுப்பும் மறைந்திருக்காது. உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அந்தக் காரை 2014 மே மாதம் வரை செய்துகொண்டிருந்தது. அது நின்றுபோன செய்தியை நாளிதழில் படித்த அன்று எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் கல்லின் கனம்தான்.

எங்களுக்குக் கார் இருந்தது வசதியைக் காட்ட அல்ல. அப்பா கொல்லிமலையில் மிளகும் காப்பிக்கொட்டையும் வாங்குவார். தை, மாசியில் மிளகு பறிப்பு. சில்வர் ஓக் மரங்களில் கொடி ஏறி நிற்கும். மூங்கில் ஏணி சார்த்திப் பறிப்பார்கள். வீடு வீடாகப் போய் ஈரப்பதம் பார்த்து விலை பேசி, சாக்குகளை ஜீப்பில் ஏற்றிவிட்டுப் பின்னாலேயே காரில் வருவார். சனிக்கிழமைகளில் நானும் போவேன். அப்போது நாமக்கல் தனி மாவட்டம் ஆகவில்லை. அது 1997 ஜனவரியில்தான் தனியாக இயங்கத் தொடங்கியது. எல்லாக் காகிதத்திலும் சேலம் மாவட்டம் என்றே எழுதுவோம்.

கொல்லிமலையை மற்றவர்கள் ஆகாய கங்கையையும் அறப்பளீஸ்வரர் கோயிலையும் வைத்து நினைவில் வைத்திருப்பார்கள். நான் சரிவுகளை வைத்துத்தான் நினைவில் வைத்திருக்கிறேன். எந்த டீக்கடை வாசலில் வண்டி தானாக உருளும், எந்த வீட்டுக் களம் சமதரை, எங்கே இறக்கம் முடிந்து உடனே பள்ளம் வருகிறது என்பதெல்லாம் எனக்கு அத்துபடி. மலை முழுக்கச் சரிவு இருந்ததால் அப்பாவுக்கு அங்கே வண்டி ஓட்டுவதுதான் நிம்மதி.

ஒரு வருடத்துக்கு மேலாக இப்படியே ஓடியது. ஆரம்பத்தில் காலையில் மட்டும், என்ஜினைச் சுற்றிக் கிளப்பும் செல்ப் மோட்டார் கொஞ்சம் முனகும். பிறகு இரண்டு மூன்று முறை அடித்தால்தான் எடுக்கும். பிறகு ‘ஊம்... ஊம்...’ என்று கிழட்டு மாடு எழுந்திருக்க முயல்வது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். அப்பா சும்மா இருக்கவில்லை. கீழே மூன்று பட்டறைகளில் காட்டினார். முதலில் பேட்டரி மாற்றினார்கள். பத்து நாள் நன்றாக இருந்தது. திரும்ப முனகியதும் செல்ப் மோட்டாரைக் கழற்றி, கார்பன் பிரஷ் மாற்றி, புஷ் அடித்துப் போட்டார்கள். ஒரு மாதம் ஓடியது. அப்புறம் பிளக், சிபி பாயிண்ட், கண்டன்சர், டெல்கோ மூடி. கடைக் கணக்குப் பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா இதையெல்லாம் தேதி போட்டு எழுதி வந்தார். அந்தப் பக்கம் நிறைந்து அட்டையின் உள்பக்கத்துக்கும் போய்விட்டது.

அந்த மெக்கானிக்குகள் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. மாற்றிய பொருள் எல்லாம் நல்ல பொருள், செய்த வேலையும் சுத்தமான வேலை. ஒவ்வொரு முறையும் கொஞ்ச நாள் குணம் தெரிந்ததற்கும் காரணம் உண்டு. புதுப் பேட்டரிக்கு வலு கூடுதல். குறையை மீறிக் கொஞ்சம் தள்ளிவிடும். சுத்தம் செய்த செல்ப்புக்குக் குறைந்த கரண்ட்டே போதும். போதாததற்கு, வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் மதியத்தில். வெயிலில் என்ஜின் ஆயில் இளகியிருக்கும். என்ஜின் லேசாகச் சுற்றும். நோய் தன்னைக் காட்டுகிற நேரத்தில் வண்டி அவர்கள் கையில் இருந்ததே இல்லை.

1993 தை மாதம். காரவள்ளியில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டு மேலே ஏறினோம். காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரை எழுபது கொண்டை ஊசி வளைவுகள். நாற்பதைத் தாண்டுவதற்குள் என்ஜின் கொதித்துவிடும் என்பது தெரிந்ததால், இரண்டு இடங்களில் நிறுத்திப் பானட்டைத் திறந்து காற்றாட விடுவோம். மேலே போகப்போக இன்னொன்றும் நடக்கும். மலை உச்சி 1000 மீட்டரிலிருந்து 1300 மீட்டர் வரை. அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதைவிட எட்டில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டருக்கு அது தெரியாது. கீழே ஊற்றிய அளவுக்கே பெட்ரோலை ஊற்றும். காற்று குறைந்து பெட்ரோல் மிஞ்சினால் என்ஜின் கனத்து இழுக்கும், கரும்புகை வரும். காலையில் சோக்கைக் கொஞ்சம் கூடுதலாக இழுத்துவிட்டால் பிளக் நனைந்துபோகும்.

செம்மேட்டுக்குப் பக்கத்தில், அப்பாவுக்குப் பல வருடமாக மிளகு கொடுக்கும் கவுண்டர் ஒருவர் வீட்டில் இரவு தங்கினோம். அவர் வீட்டுக் களத்தின் ஒரு பகுதி சரிவு. வழக்கமாக வண்டியை அங்கேதான் நிறுத்துவோம். அன்றைக்கு அந்தச் சரிவு முழுக்கக் காப்பிப் பழம் காயப்போட்டிருந்தார்கள். ராத்திரிப் பனிக்கு அதன்மேல் தார்ப்பாய் மூடியிருந்தது. வேறு வழியில்லாமல் வீட்டுத் திண்ணையை ஒட்டிச் சமதரையில் நிறுத்தினோம். நான் பழக்கதோஷத்தில் கல்லை எடுத்து வைத்தேன். “அங்க எதுக்குடா கல்லு?” என்று அப்பா கேட்டபோதுதான் இருவருக்கும் நாளைக் காலை நினைவுக்கு வந்தது. இருவருமே ஒன்றும் பேசவில்லை.

காலை ஆறு மணிக்குப் பத்தடி தூரத்தில் இருந்த பலாமரம் தெரியாத பனி. அப்பா சோக்கை முழுக்க இழுத்து செல்ப் அடித்தார். ‘ஊம்’ என்றது, நின்றது. மறுபடி. மறுபடி. நடுநடுவே ஆக்சிலேட்டரை மிதித்தார். கொஞ்ச நேரத்தில் களம் முழுக்கப் பெட்ரோல் வாடை. ஹேண்டில் போட்டுப் பார்க்கலாம் என்று இறங்கினார். பம்பரின் ஓட்டை வழியாக ஹேண்டிலைச் செருகிச் சுற்றும் வண்டி அது. கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துப் பிடிக்க வேண்டும். என்ஜின் எதிர்த்து உதைத்தால் கட்டைவிரல் தெறித்துவிடும். அப்பா சட்டை நனையச் சுற்றினார். பெட்ரோலில் நனைந்த பிளக் எப்படிப் பிடிக்கும்? கவுண்டர் வீட்டு ஆட்கள் நான்கு பேர் தள்ளினார்கள். களத்தின் ஈரமண்ணில் சக்கரம் வழுக்கியது.

“சோளக்காட்டுல ஜீப்பு மேஸ்திரி இருக்காருங்க. கூட்டியாரச் சொல்லட்டுங்களா?” என்றார் கவுண்டர்.

மேஸ்திரி எட்டு மணிக்கு ஒரு ஜீப்பில் வந்து இறங்கினார். அறுபது வயது இருக்கும். காதை மூடி மப்ளர், தோளில் ரெக்சின் பை. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகளில் வயரிங் வேலை பார்த்துவிட்டு, ஆஸ்துமாவுக்கு மலைக்காற்று ஒத்துக்கொண்டதால் மேலே வந்து தங்கிவிட்டவர் என்று பிறகு தெரிந்தது. அவர் பானட்டைத் திறக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு கேட்டார்.

“வண்டி எடுக்கலைங்களா, இல்ல செல்பே சுத்தலைங்களா? ரெண்டும் வேற வேறங்க.”

அப்பா ஒரு கணம் யோசித்தார். ஒரு வருடத்துக்கு மேலாக அவர் எல்லாப் பட்டறையிலும் சொன்னது, “காலையில வண்டி எடுக்கல” என்பதுதான். “செல்ப்பு முக்குது. சுத்தல” என்றார் இப்போது.

“உருட்டினா?”

“ஒரே குலுக்குல எடுத்துரும்.”

“அப்ப பிளக்கு, பாயிண்டு, பெட்ரோலு எல்லாம் நல்லா இருக்குதுங்க. அந்தப் பக்கம் நாம கை வைக்க வேண்டாம். இப்ப நனஞ்சிருக்கும், அது நீங்க மிதிச்சதால. தொடச்சுப் போட்டாப் போகுது.” ஒரு வாய் காப்பி குடித்தார். “இது எப்ப இருந்துங்க? அதுக்கு முன்னால வண்டியில என்ன வேலை பாத்தீங்க?”

இந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை. அப்பா விரல் விட்டு எண்ணினார். கோளாறு தொடங்கியது முந்தின வருடத்துக்கு முந்தின ஐப்பசியில். அதற்குச் சில மாதங்கள் முன்னால் டிங்கரிங், பெயின்டிங்குக்கு விட்டிருந்தோம். பானட்டுக்கு உள்பக்கம்வரை புதுப் பெயின்ட். மேஸ்திரி தலையாட்டிக்கொண்டார். அப்போதும் எழுந்திருக்கவில்லை.

காப்பி முடிந்ததும், பனிக்குள் ஹெட்லைட்டைப் போடச் சொன்னார். மஞ்சள் வெளிச்சம் எதிரே மாட்டுக்கொட்டகைச் சுவரில் விழுந்தது. “தம்பி, நீ அந்தச் சுவத்தையே பாரு. முதலாளி, செல்ப் அடிங்க.” அப்பா அடித்தார். ‘ஊம்’ என்றது. “வெளிச்சம் குறைஞ்சுதா?” குறையவில்லை. இரண்டாம் முறையும் பார்த்தேன். சுவரில் இருந்த வெளிச்சம் கொஞ்சமும் மங்கவில்லை.

அதற்கு அவர் சொன்ன விளக்கத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. பேட்டரி வலுவிழந்திருந்தால் செல்ப் அடித்ததும் லைட் மங்கி மஞ்சளாகிப் பிறகு சிவக்கும். பேட்டரி டெர்மினல் தளர்ந்திருந்தால் லைட் மொத்தமாக அணையும். செல்ப் மோட்டார் உள்ளே இறுகிக் கிடந்தால் கரண்ட்டை அள்ளிக் குடிக்கும், அப்போதும் லைட் மங்கும். லைட் அசையாமல் நிற்கிறது என்றால் பேட்டரியில் கரண்ட் இருக்கிறது, ஆனால் செல்ப்புக்குப் போகவில்லை. வழியில் எங்கேயோ அடைப்பு.

பிறகுதான் பானட்டைத் திறந்தார். பையிலிருந்து டெஸ்ட் லாம்ப் எடுத்தார். அது பழைய ஹோல்டரில் பன்னிரண்டு வோல்ட் பல்பு மாட்டி, இரண்டு வயர் இழுத்து, நுனியில் முள் வைத்த சாதனம். அதன் ஒரு முள்ளை என்ஜின் இரும்பில், பெயின்ட் இல்லாத ஒரு போல்ட் தலையில் வைத்தார். இன்னொரு முள்ளைப் பேட்டரியின் எர்த் வயர் பாடியில் முடுக்கியிருக்கும் இடத்தில் வைத்தார். எனக்கு அது அர்த்தமில்லாமல் பட்டது. இரண்டு பக்கமும் எர்த். பல்பு எப்படி எரியும்?

“எரியக் கூடாது தம்பி. எப்பவும் எரியக் கூடாது. பாரு.”

அப்பா செல்ப் அடித்தார். பல்பு பளிச்சென்று எரிந்தது. கையை எடுத்ததும் அணைந்தது. மறுபடி அடித்தார். மறுபடி எரிந்தது. மேஸ்திரி முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அப்பாதான் டிரைவர் சீட்டிலிருந்து தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்.

அப்போது நான் ஒன்று சொன்னேன். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கித்தான் சொன்னேன். முன்சீட்டில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, டேஷ்போர்டுக்குக் கீழே சோக் கேபிள் என் முழங்கால் பக்கம் வரும். காலையில் அப்பா ரொம்ப நேரம் செல்ப் அடித்தால் அந்தக் கேபிள் சுடும். முன்பு ஒருமுறை அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். என்ஜின் சூடு என்று அவர் விட்டுவிட்டார்.

மேஸ்திரி டெஸ்ட் லாம்பைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “ஓடாத என்ஜின்ல சூடு எங்கிருந்து வரும்?” என்று மெதுவாகக் கேட்டார். பிறகு கதவைத் திறந்து குனிந்து, கையை டேஷ்போர்டுக்கு அடியில் விட்டுக் கேபிளைப் பிடித்துக்கொண்டார். “அடிங்க.” அப்பா அடித்தார். சில நொடிகளில் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். என் கையையும் பிடித்து அதில் வைத்தார். உறையே இல்லாத சுருள் கம்பி, பனிக்காலக் காலையில், இட்லிக் குண்டானின் காதைத் தொட்டது போல இருந்தது.

“தம்பி போன வருசமே கண்டுபிடிச்சிருக்காப்ல முதலாளி,” என்றார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பேட்டரியிலிருந்து கனத்த வயர் ஒன்று செல்ப்புக்குப் போகிறது. எல்லோரும் பார்ப்பது அதைத்தான். ஆனால் போன கரண்ட் திரும்பிப் பேட்டரிக்கு வந்தாக வேண்டும். செல்ப் மோட்டார் என்ஜினோடு முடுக்கப்பட்டது. கரண்ட் அதன் உடம்பு வழியாக என்ஜின் இரும்புக்கு வரும். என்ஜினோ பாடியில் நேரடியாக உட்கார்ந்திருக்கவில்லை. அதிர்வு தெரியாமல் இருக்க ரப்பர் மவுண்டிங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் கரண்ட் போகாது. அதனால் என்ஜினையும் பாடியையும் இணைத்து, செம்புக் கம்பிகளைப் பின்னிய ஒரு பட்டை போட்டிருப்பார்கள். அகலம் இரண்டு விரல்கூட இருக்காது. செல்ப் இழுக்கும் கரண்ட் முழுவதும் திரும்பி வர அந்த ஒரு பட்டைதான் வழி.

ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து எட்டு ஆம்பியருக்குள்தான் எடுக்கும். செல்ப் மோட்டார் நூற்றைம்பது, இருநூறு ஆம்பியர் கேட்கும். ஒற்றையடிப் பாதையில் ஒரு ஆள் மிளகுக் கூடையோடு நடந்துவிடலாம், லாரி போகுமா? பட்டை கெட்டால், என்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே வேறு எந்த உலோகத் தொடர்பு இருக்கிறதோ அதைத் தேடிக் கரண்ட் பாயும். எங்கள் வண்டியில் அது கிடைத்த இடம் சோக் கேபிள். கார்புரேட்டரிலிருந்து டேஷ்போர்டுக்கு வரும் அந்த மெல்லிய கம்பி, ஒரு வருடத்துக்கு மேலாகச் செல்ப்பின் சுமையை ஏற்றுக்கொண்டு சூடேறிக் கிடந்திருக்கிறது. என்ஜினுக்கும் பாடிக்கும் இடையே வோல்டேஜ் நின்றதால்தான் எரியக் கூடாத பல்பு எரிந்தது.

மேஸ்திரி சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தார். என்னையும் கூப்பிட்டார். ஈரமண், கிரீஸ் நாற்றம். டார்ச் வெளிச்சத்தில் காட்டினார். பட்டை இருந்தது. ஆனால் அதன் பின்னல் பாதிக்குமேல் அறுந்து துடைப்பக்குச்சி போல விரிந்திருந்தது. மிச்சத்தில் பச்சைக் களிம்பு. பாடிப் பக்கம் போல்ட்டைக் கழற்றினார். வாஷருக்கு அடியில், இரும்பு தெரிய வேண்டிய இடத்தில், வண்டியின் வெள்ளைப் பெயின்ட் வழவழவென்று இருந்தது. அதன் விளிம்பில் வட்டமாகத் துரு. பெயின்ட் அடித்தபோது பட்டையைக் கழற்றி, காய்ந்த பெயின்ட்டின் மேலேயே திரும்ப முடுக்கியிருக்கிறார்கள். போல்ட்டின் மரை வழியாக மட்டும் கொஞ்ச காலம் தொடர்பு இருந்திருக்கிறது. மழையும் துருவும் ஏறஏற அதுவும் போய்விட்டது.

அவரிடம் மாற்றுப் பட்டை இல்லை. ஒரு லாரியின் பழைய பேட்டரி கேபிளிலிருந்து இரண்டு சாண் வெட்டினார். ஒரு முனையில் லக் ஏற்கெனவே இருந்தது. மறுமுனையில் உறையைச் சீவி, கம்பியை உப்புத்தாளால் தேய்த்து, புது லக்கில் நுழைத்து, புளோ லேம்ப்பில் சூடேற்றி ஈயம் வார்த்தார். பிறகு பாடியில் அந்த இடத்தைச் சுரண்ட ஆரம்பித்தார். நான் எதிர்பார்த்ததைவிட நெடுநேரம் சுரண்டினார். உளியால் பெயின்ட், உப்புத்தாளால் துரு, கடைசியில் பெட்ரோல் நனைத்த துணி. எட்டணாக் காசு அளவுக்கு இரும்பு கண்ணாடி போல மின்னியது. அதில் விரல் படாமல் பார்த்துக்கொண்டார். என்ஜின் பக்கமும் அதே மாதிரி. பல் வாஷர் வைத்து முடுக்கி, மேலே வாசலின் தடவினார். “ஈரம் ஏறாம இருக்க,” என்றார்.

பிளக் நான்கையும் கழற்றித் துடைத்து அடுப்போரம் வைத்துக் காயவிட்டுப் போட்டார். டெஸ்ட் லாம்பைத் திரும்பவும் அதே இரண்டு இடத்தில் வைத்தார்.

“அடிங்க முதலாளி.”

பல்பு எரியவில்லை. நான் பல்பையே பார்த்துக்கொண்டிருந்ததால், என்ஜின் ஓடிக்கொண்டிருப்பது எனக்கு ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது. ‘ஊம்’ என்ற சத்தமே இல்லை. ‘கிர்ர்’ என்று ஒரு சுற்று, அவ்வளவுதான். திண்ணையில் உட்கார்ந்திருந்த கவுண்டர் வீட்டுப் பாட்டி கைதட்டினார். அப்பா வண்டியை அணைத்தார். மறுபடி போட்டார். அணைத்தார். போட்டார். ஆறு ஏழு முறை அப்படிச் செய்துவிட்டு இறங்கி வந்து மேஸ்திரியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அப்பா அப்படி யாருடைய கையையும் பிடித்து நான் பார்த்ததில்லை.

மேஸ்திரி கேபிளுக்கும் லக்குக்கும் காசு வாங்கிக்கொண்டார். கூலி என்று அவர் கேட்டது ஒரு டயர் பஞ்சருக்குக் கேட்கும் அளவு. அப்பா அதைப் போல மூன்று பங்கு எடுத்து நீட்டினார், வாங்க மறுத்துவிட்டார். கடைசியில் அன்று எடுத்த மிளகிலிருந்து ஒரு படி அளந்து பையில் போட்டுக்கொடுத்தோம். அதைத் திறந்து இரண்டு மணியை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்துவிட்டு, நல்லா காஞ்சிருக்கு என்றார்.

பிறகு பல வண்டிகள் மாறிவிட்டன. கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்தது; சோக் கேபிளே இல்லை. ஆனால் அந்தத் திண்ணையில் கேட்ட கேள்விகள் மாறவில்லை. செல்ப் சுற்றவில்லையா, சுற்றியும் எடுக்கவில்லையா? சுற்றவில்லை என்றால் பேட்டரி, டெர்மினல், எர்த், செல்ப். நன்றாகச் சுற்றியும் எடுக்கவில்லை என்றால் அவற்றை விட்டுவிட்டுப் பெட்ரோலையும் நெருப்பையும் தேட வேண்டும். இன்றைய பெட்ரோல் காரில் சாவியைத் திருப்பியதும் பின்சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு விநாடி மெல்லிய ரீங்காரம் கேட்கும். டேங்கில் இருக்கும் பெட்ரோல் பம்ப் அது. அந்தச் சத்தம் இல்லையென்றால் முதலில் அதன் ஃபியூஸையும் ரிலேயையும் பார்க்க வேண்டும். டேஷ்போர்டில் சாவிப் படம் மின்னிக்கொண்டே இருந்தால் வண்டி சாவியை அடையாளம் காணவில்லை என்று அர்த்தம். அதற்குப் பேட்டரி மாற்றிப் பயனில்லை. ஆட்டோமேட்டிக் கியர் வண்டியை உருட்டி எடுக்க முடியாது என்பது மலைக்கு வருகிறவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய ஒன்று.

சில வருடங்களுக்கு முன் ஓர் ஆடி மாதம், வல்வில் ஓரி விழா சமயத்தில் செம்மேட்டில் தங்கியிருந்தேன். காலையில் விடுதி வாசலில் ஈரோட்டுக் குடும்பம் ஒன்று, காருக்கு முன்னால் குழந்தைகளோடு நின்றுகொண்டிருந்தது. செல்ப் அடித்தால் ‘டக்’ என்று ஒரு சத்தம், டேஷ்போர்டு மொத்தமும் இருண்டது. கீழிருந்து மெக்கானிக்கும் புதுப் பேட்டரியும் வர மதியம் ஆகும் என்று அந்த மனிதர் போனில் பேசிக்கொண்டிருந்தார். லைட்டைப் போட்டு செல்ப் அடிக்கச் சொன்னேன். லைட் மங்கவில்லை, பட்டென்று அணைந்தது. டெர்மினல் என்று மேஸ்திரி சொன்ன அதே அடையாளம். திறந்து பார்த்தால் பேட்டரி முனையில் வெள்ளையாகப் பூத்திருந்தது. விடுதிச் சமையலறையில் ஒரு சொம்பு சுடுதண்ணீர் வாங்கி, கிளாம்பைக் கழற்றி ஊற்றிக் கரைத்து, துடைத்துச் சுரண்டிப் பத்தாம் நம்பர் ஸ்பானரால் இறுக்கினோம். எடுத்துவிட்டது. அந்த வீட்டுப் பெண் குழந்தை என்னிடம், “மாமா, பேட்டரி செத்துப்போச்சுன்னு அப்பா சொன்னாரே?” என்றாள். அவளைத் தூக்கி அந்த வெள்ளைப் பூப்பைக் காட்டினேன். தொடக் கூடாது, ஆசிட் என்றும் சொன்னேன்.

அன்றே சோளக்காடு போனேன். மேஸ்திரி இல்லை, பல வருடம் ஆகிவிட்டதாம். அவர் தகரக் கொட்டகை இருந்த இடத்தில் அன்னாசிப்பழம் விற்கிறார்கள்.

1993-இன் அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை நாங்கள் எழுபது வளைவும் இறங்கிக் காரவள்ளி வந்தோம். அங்கே அப்பா ஓர் இளநீர்க் கடை ஓரம், தட்டையான இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்தி என்ஜினை அணைத்தார். நான் வழக்கம்போல் இறங்கி டிக்கிக்கு ஓடினேன். “வேண்டாம்டா, வா,” என்றார். இளநீர் குடித்து முடித்து ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். எடுத்தது.

சேந்தமங்கலத்துக்குள் நுழைந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். அப்பா பாலத்துப் பக்கம் திரும்பாமல் நேராகக் கடைத்தெருவுக்கு விட்டார். எங்கள் கடை வாசலில், படியை ஒட்டி, எங்கள் கார் வெகுநாளைக்குப் பிறகு நின்றது. அம்மா உள்ளேயிருந்து எழுந்து வாசலுக்கு வந்து பார்த்தார். எதிர்க்கடைக்காரர் தராசை அப்படியே விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்.

நான் டிக்கியைத் திறந்து சாக்கோடு கல்லை எடுத்தேன். எங்கே வைப்பது என்று கேட்டேன். அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, மிளகு மூட்டை அறையின் கதவு காற்றுக்கு அடித்துக்கொள்கிறது, அதற்கு வை என்றார்.